படிவம் 6ஏ பிறந்த கதை

ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வாக்காளர் பட்டியல் இருக்கிறது. தெரு வாரியாக, வீட்டு எண் வரிசையில் பெயர்கள் ஓடும். எல்லாத் தெருக்களும் முடிந்த பிறகு கடைசியில் 'வெளிநாடுவாழ் வாக்காளர்கள்' என்று தனியாக ஒரு பிரிவுக்கு இடம் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய பட்டியலின்படி தமிழ்நாடு முழுவதும் இந்தப் பிரிவில் இருந்தவர்கள் 3,480 பேர். சாவடிகளோ 68 ஆயிரத்துச் சொச்சம். ஏறத்தாழ இருபது சாவடிக்கு ஒரு பெயர்தான் தேறியது.

2015இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, இந்த மாநிலத்திலிருந்து வெளிநாடுகளுக்குப் போயிருப்பவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்று சொன்னது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு. அடுத்து ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, அமெரிக்கா. கள்ளக்குறிச்சிப் பக்கம் சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் என்று எந்தத் திசையில் போனாலும், பிள்ளை சிங்கப்பூரில், மருமகன் குவைத்தில் என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போனார்களே தவிர ஊர்ப் பேச்சை விடவில்லை. கோமுகி அணையில் தண்ணீர் திறந்தாச்சா, கரும்புப் பணம் வந்ததா, கிராம சபையில் யார் எழுந்து கணக்குக் கேட்டார்கள், தலைவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அன்றன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தேர்தல் நேரத்தில் இந்தப் பேச்சு இன்னும் சூடாகும். யாருக்குப் போடலாம், ஏன் போடலாம், கடந்த முறை சொன்னதைச் செய்தாரா என்று இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்து வாதம் செய்பவர்கள் உண்டு. காசு வாங்காதே என்று அம்மாவிடம் சண்டை போடுபவர்களும் உண்டு. இந்த நாட்டின் குடியாட்சியை அக்கரையிலிருந்து பேசிப் பேசியே தாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் இவர்கள். பேசுகிறார்கள், வாக்களிக்கத்தான் முடியவில்லை. முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. முடியும் என்று சொல்லி ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறது. அதுதான் படிவம் 6ஏ. அது எப்படிப் பிறந்தது, ஏன் பாதியில் நிற்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கதை தொடங்குவது தில்லியில் இல்லை, தென்னாப்பிரிக்காவில். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அது. அதற்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளில் வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு என்று தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் ஏற்றினார்கள். கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காட்டின் ஒரு தாலுகா.

1894இல் நேட்டால் சட்டமன்றம் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்க ஒரு மசோதா கொண்டுவந்தது. ஊர் திரும்பவிருந்த இளம் வழக்கறிஞர் காந்தி பயணத்தை நிறுத்திவிட்டு, பத்தாயிரம் கையெழுத்துகளோடு ஒரு மனுவை லண்டனுக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. வெளிநாட்டில் இந்தியர்கள் கட்டிய முக்கியமான அரசியல் அமைப்புகளில் ஒன்று, வாக்குக்காகவே பிறந்தது என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. மசோதாவை லண்டன் ஏற்கவில்லை. நேட்டால் அரசு சும்மா இருக்குமா? 1896இல் வேறு சொற்களில் அதே காரியத்தைச் செய்தது. எந்த நாட்டில் வாக்குரிமையின் அடிப்படையில் அமைந்த நாடாளுமன்றம் இதுவரை இல்லையோ, அந்த நாட்டவருக்கும் அவர் வழி வந்தவருக்கும் இங்கே புதிதாக வாக்கு கிடையாது என்று எழுதிக்கொண்டது. 'இந்தியர்' என்ற சொல்லே அதில் இல்லை. தேவையும் படவில்லை.

உன் தாய்நாட்டில் உனக்கு வாக்கு இல்லை, ஆகவே இங்கேயும் இல்லை என்று முகத்தில் அறைந்தாற்போல் சொன்ன சட்டம் அது. அக்கரையில் இருப்பவரின் மானம் இக்கரையின் குடியாட்சியோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது அன்றைக்கே எழுத்தில் வந்துவிட்டது. காந்தி 1915 ஜனவரி 9 அன்று பம்பாயில் வந்து இறங்கினார். பின்னாளில் மத்திய அரசு வெளிநாடுவாழ் இந்தியர் தினமாக எடுத்துக்கொண்டது இந்த நாளைத்தான்.

இலங்கை மலையகத்தின் கதை இன்னும் கொடியது. 1931இல் அங்கே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தல் சட்டத்தில் செய்த திருத்தமும் அவர்களை நாடற்றவர்களாக்கி வாக்கையும் பிடுங்கிக்கொண்டன. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது அப்படி நின்றவர்கள் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். இரண்டு நாட்டின் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாமல் ஒரு தலைமுறையே வாழ்ந்து முடிந்தது. இதைக் கண்ட தமிழருக்கு வாக்காளர் பட்டியல் வெறும் காகிதமாகத் தெரியாது.

சுதந்திர இந்தியா 1950இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை இயற்றியது. அதன் 19, 20ஆம் பிரிவுகள் சொல்வது இது: ஒரு தொகுதியில் வழக்கமாக வசிப்பவருக்குத்தான் அங்கே வாக்கு. வீடும் நிலமும் இருப்பது மட்டும் போதாது. அன்றைய நிலையில் இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தேசம் பிரிந்து லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் ஆட்கள் வீடு வீடாகப் போய் 17 கோடிக்கும் மேற்பட்ட பெயர்களை எழுத வேண்டியிருந்தது. கதவைத் தட்டும்போது இருப்பவரை எழுது என்பதுதான் நடக்கக்கூடிய வழியாக இருந்தது.

ஆனால் அதே சட்டம் ஒரு சாராருக்கு விலக்கு வைத்தது. படைவீரருக்கும், வெளிநாட்டில் இந்திய அரசுப் பணியில் இருப்பவருக்கும் ஊரிலேயே வசிப்பதாகக் கொண்டு பெயர் சேர்க்கலாம், அவர்கள் அஞ்சலில் வாக்களிக்கலாம். தூதரகத்து எழுத்தர் அயல்நாட்டிலிருந்தபடி வாக்களித்தார். அதே நகரத்தில் சாரம் கட்டி வேலை செய்த சங்கராபுரத்துக்காரர் ஆறு மாதம் ஊரில் இல்லை என்றால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடலாம் என்ற நிலை. அறுபது ஆண்டுகள் இது பெரிய அநீதியாக யாருக்கும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது பணம். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகள் கட்டுமானத்தில் இறங்கின. அங்கே போன மலையாளிகளும் தமிழர்களும் அனுப்பிய பணம் ஊரில் வீடாகவும் நகையாகவும் படிப்பாகவும் மாறியது. 1991 அந்நியச் செலாவணி நெருக்கடியில் வெளிநாடுவாழ் இந்தியரின் வைப்புத்தொகை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அரசுக்குப் புரிந்தது. 2000இல் எல்.எம்.சிங்வி தலைமையில் உயர்நிலைக் குழு அமைத்தார்கள். 2003 ஜனவரியில் முதல் வெளிநாடுவாழ் இந்தியர் தின மாநாடு. 2009இல் அது சென்னையிலேயே நடந்தது. மாநாட்டு மேடைகளில் முதலீடு, இரட்டைக் குடியுரிமை என்று பேசுவார்கள். அரங்கின் பின்வரிசையிலிருந்து வளைகுடாக்காரர்கள், குறிப்பாகக் கேரளத்தவர், திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் பணம் வேண்டும், எங்கள் வாக்கு வேண்டாமா?

2006இல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்து நிலைக்குழுவில் சுற்றியது. 2010 ஜனவரி மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங் பேசும்போது, வெளிநாட்டிலிருக்கும் இந்தியர்களின் இந்த விருப்பம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த பொதுத்தேர்தலுக்குள் அவர்கள் வாக்களிக்க வழி செய்யப்படும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார். அதே ஆண்டு நாடாளுமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. சட்டத்தில் 20ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2011 பிப்ரவரி 10 அன்று அது நடைமுறைக்கு வந்தது. விதிகளோடு கூடவே வந்ததுதான் படிவம் 6ஏ. அடுத்த இரண்டு மாதத்தில், 2011 ஏப்ரல் 13 அன்று, தமிழ்நாடும் கேரளமும் புதுச்சேரியும் வாக்களித்தன. புதிய உரிமையை முதன்முதலில் பயன்படுத்தும் வாய்ப்பு கிடைத்த மாநிலங்களில் நாமும் இருந்தோம்.

படிவம் எளிமையானதுதான். வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியக் குடிமகன், வேலைக்கோ படிப்புக்கோ வேறு காரணத்துக்கோ வெளிநாட்டில் இருந்தால், கடவுச்சீட்டில் உள்ள ஊர் முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்கே பெயர் சேர்க்கலாம். புகைப்படம், கடவுச்சீட்டின் உரிய பக்கங்கள், செல்லத்தக்க விசா ஆகியவற்றின் நகல் வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் அந்த முகவரிக்குப் போய் வீட்டாரிடம் விசாரிப்பார். பிறகு பட்டியலின் கடைசிப் பிரிவில் பெயர் ஏறும். வாக்காளர் அடையாள அட்டை கொடுக்க மாட்டார்கள். தேர்தல் நாளன்று அசல் கடவுச்சீட்டைக் காட்டி வாக்களிக்கலாம்.

எங்கே? சொந்த ஊர்ச் சாவடியில். நேரில் வந்து.

அறுபது ஆண்டு கழித்துப் பிறந்த உரிமையின் கால் இங்கேதான் கட்டப்பட்டது. ஒரு வாக்குக்காகக் கள்ளக்குறிச்சிக்காரர் சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறி வர வேண்டும். விடுப்புக் கொடுக்க முதலாளி ஒப்ப வேண்டும். வளைகுடாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊர்ப் பயணம் என்று ஒப்பந்தம் போட்டு வேலைக்குப் போனவருக்கு அது நடக்குமா? சட்டம் எழுதியவர்களின் கண்முன் நின்றவர் மாநாட்டு அரங்கில் கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்தவர். தொழிலாளர் முகாமில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருப்பவரை அவர்கள் நினைத்துப் பார்த்திருந்தால் இந்த ஒரு நிபந்தனையை எழுதக் கை வந்திருக்காது.

எண்களைப் பாருங்கள். 2014 தேர்தலில் இந்தியா முழுவதும் பதிந்தவர்கள் 12 ஆயிரத்தைத் தொடவில்லை. 2019இல் 99,844 பேர் பதிந்து, 25,606 பேர் வந்து வாக்களித்தார்கள். அவர்களில் சில பத்துப் பேர் தவிர எல்லாரும் கேரளத்தவர். 2024இல் பதிந்தவர்கள் 1,19,374 பேர். வாக்களித்தவர்கள் 2,958. அதில் 2,670 பேர் கேரளத்தவர். மலையாளிகளின் கட்சி அமைப்புகள் அக்கரையிலும் வேர்விட்டவை. தனி விமானம் ஏற்பாடு செய்து வாக்களிக்க ஆள் கொண்டுவந்த கதைகள் அங்கே உண்டு. அவர்களாலேயே இவ்வளவுதான் முடிந்தது.

இதே 2024இல் ஏப்ரல் 19 அன்று கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் சுமார் 79 விழுக்காடு வாக்குப் பதிவானது. மாநிலச் சராசரி 70ஐத் தொடாத தேர்தல் அது. தருமபுரிக்கு அடுத்து முன்னணியில் நின்ற தொகுதிகளில் இதுவும் ஒன்று. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேருந்துப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்து வாக்களிக்கும் ஊர்க்காரர்கள் இவர்கள். வாக்கின் மேல் இவ்வளவு பற்றுள்ள மண்ணில் வெளிநாட்டிலிருப்பவர்கள் மட்டும் அக்கறையற்றுப் போய்விட்டார்கள் என்று சொன்னால் நம்ப முடியுமா?

இந்தக் குறையைத் தீர்க்க முயற்சி நடக்காமல் இல்லை. லண்டனில் வசித்த நாகேந்தர் சிந்தம் 2013இலும், அமீரகத்தில் தொழில் நடத்தும் மருத்துவர் ஷம்ஷீர் வயலில் 2014இலும் உச்ச நீதிமன்றம் போனார்கள். வாக்கைக் கொடுத்துவிட்டு அதைப் போடும் வழியை அடைத்தால் அது சமத்துவமா என்பது அவர்கள் கேள்வி. 2014 அக்டோபரில் தேர்தல் ஆணையத்தின் குழு அறிக்கை கொடுத்தது. நேரில் வருவதோடு இரண்டு வழிகளையும் சேர்க்கலாம் என்றது. ஒன்று, தன் சார்பில் வாக்களிக்க ஊரில் ஒருவரை நியமிப்பது. இன்னொன்று, வாக்குச்சீட்டை மின்னணு வழியில் அனுப்பி, அவர் அச்செடுத்துக் குறியிட்டு அஞ்சலில் திருப்பி அனுப்புவது.

அரசு முதல் வழியைத் தேர்ந்துகொண்டது. பதிலாள் வாக்குக்கான திருத்த மசோதா 2018 ஆகஸ்ட் 9 அன்று மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைக்கு வரவே இல்லை. 2019இல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. இதில் எனக்கு வருத்தம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் பதிலாள் என்றால் வீட்டின் மூத்த ஆண் என்றுதான் முடியும். மஸ்கட்டில் வீட்டுவேலை செய்யும் பெண்ணின் வாக்கைக் கணவனோ மைத்துனனோ போட்டுவிட்டு வருவான். வாக்குக்குப் பணம் கொடுக்கிறவனுக்கு ஒரே வீட்டில் நாலு வாக்கு என்று கணக்குப் போட வசதியாகிவிடும். இரகசிய வாக்கு என்ற அரும்பொருளைத் தொலைத்துவிட்டு வாக்குரிமையைப் பெறுவதில் என்ன பயன்?

இரண்டாவது வழி சாத்தியமானது என்பதற்குச் சான்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. மின்னணு வழியில் அனுப்பும் அஞ்சல் வாக்குச்சீட்டு, படைவீரர்களுக்காக இந்தியாவிலேயே முதன்முதலில் 2016 நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் பயன்படுத்தப்பட்டது. அப்போதைய முதல்வர் நாராயணசாமி நின்று வென்ற தேர்தல் அது. 2019 பொதுத்தேர்தலில் 18 லட்சம் படைவீரர் வாக்காளர்களுக்கு இப்படிச் சீட்டு போனது. அறுபது விழுக்காட்டினர் வாக்களித்துத் திருப்பி அனுப்பினார்கள். பனிமலை எல்லையிலிருந்து வந்து சேரும் சீட்டு சிங்கப்பூரிலிருந்து வராதா?

புதுச்சேரி இன்னொரு பாடமும் சொல்கிறது. பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. பிரான்சில் அதிபர் தேர்தல் நடந்தால் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் சாவடி திறக்கிறார்கள். நாலாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கென்றே 2012 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்தில் 11 உறுப்பினர்கள். அந்தத் தேர்தலில் இணையம் வழியாகவும் வாக்களிக்கவிட்டிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்துத் தொலைவில் உள்ள ஊரில் ஒரு தமிழர் தம் தெருவை விட்டு அதிகம் நகராமலே பாரிசின் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார். கள்ளக்குறிச்சித் தமிழர் பாரிசில் இருந்தால் தம் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை.

2020 நவம்பர் இறுதியில் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது: மின்னணு அஞ்சல் வாக்கை வெளிநாடுவாழ் வாக்காளருக்கும் விரிக்க நாங்கள் ஆயத்தம். அடுத்த சில வாரங்களில் வந்த செய்திகள்தான் நெஞ்சைச் சுட்டன. முதல் கட்டமாக அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி போன்ற நாடுகளில் செய்து பார்க்கலாம், வளைகுடா நாடுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்ற யோசனை இருப்பதாக அவை சொன்னன. குடியாட்சி இல்லாத நாடுகளில் தேர்தல் வேலை செய்ய அனுமதி கிடைப்பது கடினம் என்பது காரணம். காரணம் பொய்யில்லை. தூதரகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்பதை அந்த அரசுகள் விரும்பமாட்டா. ஆனால் நேட்டால் சட்டத்தோடு இதைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அன்று தாய்நாட்டில் குடியாட்சி இல்லை என்று வாக்கைப் பறித்தார்கள். இன்று தாய்நாட்டில் குடியாட்சி இருக்கிறது, போன நாட்டில் இல்லை என்பதற்காக வாக்கு தள்ளிப்போகிறது. இரண்டு முறையும் தள்ளி நிறுத்தப்பட்டவர் உடலுழைப்பை விற்கப் போனவர்தான்.

2022 நவம்பர் 1 அன்று, அரசு ஆவன செய்யும் என்ற உறுதிமொழியை ஏற்றுக்கொண்டு உச்ச நீதிமன்றம் நாகேந்தரும் ஷம்ஷீரும் போட்ட வழக்குகளை முடித்துவைத்தது. 2024 பொதுத்தேர்தலும் பழைய விதியிலேயே நடந்தது.

அந்தத் தேர்தல் முடிவு வந்து எட்டாம் நாள், 2024 ஜூன் 12 அன்று, குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்தது. இறந்த இந்தியர்கள் 45 பேர். தமிழர்கள் ஏழு பேர். இந்திய விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அரசு அன்று செய்ய வேண்டியதை விரைந்து செய்தது, மறுக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பு எப்படி இருக்கிறது, இந்தியத் தூதரகம் அங்கே எப்போது எட்டிப் பார்க்கும், போலி முகவர்களைத் தண்டிப்பது யார் என்பவை எல்லாம் அரசியல் கேள்விகள். அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியவருக்கு வாக்கு இருந்திருந்தால், வேட்பாளர்கள் அவற்றுக்குப் பதில் தயாரித்துக்கொண்டு வந்திருப்பார்கள். வாக்கில்லாதவரின் குறை தேர்தல் அறிக்கையில் கடைசிப் பக்கத்துக்குப் போகிறது.

இனி கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைக்கு வருவோம். கடல் கடக்காமலே வாக்கைத் தொலைத்தவர்கள் கல்வராயன்மலையில் இருக்கிறார்கள். படிவம் 6ஏவால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்லர்), தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று, அரசியலமைப்பு வந்து, பொதுத்தேர்தல்கள் நடந்துகொண்டிருந்தபோதும் மலையில் அவர்கள் சொல்தான் செல்லுபடியானது. கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள் மக்கள். 1976இல்தான் அரசு மலையைத் தன் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. இன்றைக்கு வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனித் தாலுகாவும் ஒன்றியமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு விசாரித்தது. சாலை, மருத்துவம், பள்ளி, ரேஷன் என்று மலை ஊர்களுக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று அரசைக் கேட்டது.

மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் ஆண்டு முழுக்கச் சோறு போடாது. மலைக்காரர்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு, காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். திருப்பூருக்குப் போகிறார்கள், கரும்பு வெட்டப் போகிறார்கள். ஆந்திரத்துக்குச் செம்மரம் வெட்ட முகவர்கள் கூட்டிப்போய், சிறையில் கிடந்தவர்களும் உண்டு. தேர்தல் நாளில் அவர்கள் வெள்ளிமலைச் சாவடியில் இருக்க மாட்டார்கள். தோட்டம் இருக்கும் ஊரின் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது.

உள்நாட்டிலேயே இப்படி வெளியூரில் இருப்பவர்களுக்காகத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பர் 29 அன்று ஒரு எந்திரத்தை அறிவித்தது. தொலைதூர வாக்குப்பதிவு எந்திரம். ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் வாக்கைப் பதியலாம் என்றார்கள். 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். எதிர்க்கட்சிகள் பலவும் ஐயம் எழுப்பின. புலம்பெயர்ந்த தொழிலாளி யார் என்பதை எப்படி வரையறுப்பீர்கள், வேறு மாநிலச் சாவடியில் எங்கள் முகவர் எப்படி உட்காருவார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். ஆனால் பதில் தேடாமல் திட்டத்தையே ஓரம் கட்டிவைத்துவிட்டோம். காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு ஜம்முவிலும் தில்லியிலும் தனிச் சாவடி வைத்து வாக்கு வாங்கத் தெரிந்த நாடு இது. குடகில் மிளகு பறிக்கும் கல்வராயன்மலைப் பெண்ணுக்கும் அதைச் செய்ய முடியும்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் போக, பெரும்பகுதி ஊர் மாறிப்போனவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள். கதவைத் தட்டும்போது இருப்பவரை எழுது என்ற 1950ஆம் ஆண்டின் வழி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்காக வெளியே போனவரின் பெயர்தான் முதலில் உதிர்கிறது.

ஆகவே வாசகரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வெளிநாட்டில் இருப்பவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6ஏவை நிரப்பச் சொல்லுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அவர் இருக்குமிடத்திலிருந்தே நிரப்பலாம். கட்டணம் கிடையாது. அலுவலர் விசாரிக்க வரும்போது வீட்டில் இருந்து பதில் சொல்லுங்கள். அவர் ஊர் திரும்பிவிட்டால் படிவம் 6 கொடுத்து வழக்கமான வாக்காளராகச் சேர்ந்துகொள்ளலாம். நேரில் வர முடியாதவர் எதற்குப் பதிய வேண்டும் என்று அவர் கேட்பார். 22 லட்சம் பேரில் 3,480 பேர் மட்டும் பதிந்திருக்கும்வரை எந்தக் கட்சிக்கும் அவர்களைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லுங்கள். தொகுதிக்குப் பத்தாயிரம் பெயர்கள் ஏறினால், அஞ்சல் வாக்குக்கான திருத்தத்தை நாடாளுமன்றத்தில் கேட்கும் கட்டாயம் நம் உறுப்பினர்களுக்கு வரும் என்றும் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் பேசும்போது ஊர் நிலவரத்தோடு இதையும் பேசிவிடுங்கள்.